வேலைத்தலத்தில் மாற்றம்: சொல்லும் தலைமையும் கேட்கும் ஊழியரும்

(மாதாந்த உரை நிகழ்ச்சியில் ஒலிபரப்பானதன் எழுத்து வடிவம்)



எங்கள் வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற ஆங்கிலச் சொல் ஒன்று 'றீஸ்ட்ரக்சர்'. தமிழில் மறுசீரமைப்பு என்கிறோம். கொம்பனி கைமாறுகிறது, இரண்டு பகுதிகள் ஒன்றாகின்றன, வேலையை வெளியாருக்குக் கொன்றாக்ட் கொடுக்கிறார்கள், புதிய இயந்திரம் வருகிறது, தொழிற்சாலையையே மூடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ஆனால் அதைக் கேட்ட அன்று இரவு வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்புச் செலவு, ஊருக்கு அனுப்புகிற காசு மூன்றும் ஒன்றாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்துவிடும். அப்படியான காலத்தில் தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கும் அவருக்குக் கீழ் வேலை செய்பவருக்கும் இடையில் உள்ள உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய உரையின் விடயம்.

நான் வணிகத்துறையில் பட்டம் பெற்றவன். இந்த நாட்டில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கணக்காளராக வேலை செய்கிறேன். கணக்காளர் இருக்கிற இடம் கொஞ்சம் விசேடமான இடம். மேலே எடுக்கப்போகும் தீர்மானத்தின் இலக்கங்கள் முதலில் எங்கள் மேசைக்கு வரும். அதேநேரம் கீழே வேலை செய்பவர்களோடு ஒன்றாக இருந்து தேநீர் குடிப்பவர்களும் நாங்கள்தான். இரண்டு பக்கத்தையும் பார்த்ததில் எனக்கு ஒரு விடயம் தெளிவாயிற்று. மனிதர் கெட்ட செய்தியைத் தாங்கிக்கொள்கிறார்கள். தங்களுக்குத் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொண்டே மறைத்தார்கள் என்பதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவுஸ்திரேலியாவில் தொழில் நியதிகள், அதாவது அவார்ட் எனப்படுபவை, எல்லாவற்றிலும் கலந்தாலோசனை பற்றிய ஒரு பிரிவு உண்டு. நிறுவன ஒப்பந்தங்களிலும் அது இருக்க வேண்டும். வேலைத்தலத்தில் பெரிய மாற்றம் செய்வதென்று தொழில்தருநர் திட்டவட்டமாகத் தீர்மானித்தால், பாதிக்கப்படக்கூடிய ஊழியர்களுக்கு அதை அறிவிக்க வேண்டும், எழுத்தில் விபரம் கொடுக்க வேண்டும், அவர்களோடு கதைக்க வேண்டும், அவர்கள் சொல்வதைக் கருத்தில் எடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவார்ட்டில் உள்ள 'திட்டவட்டமாகத் தீர்மானித்தால்' என்ற சொற்களைக் கவனியுங்கள். சட்டத்தின் மணிக்கூடு தீர்மானம் எடுத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது.

ஊழியரின் மணிக்கூடு அப்படியல்ல. மனேஜரின் அறைக்கதவு வழக்கத்துக்கு மாறாகப் பூட்டியிருந்த அன்று அது ஓடத் தொடங்கிவிடும். கோட் போட்ட அந்நியர் இருவர் இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டு போன அன்று, ஓவர்ரைம் திடீரென்று நின்ற அன்று ஓடத் தொடங்கிவிடும். இந்த இரண்டு மணிக்கூடுகளுக்கும் இடையில் சில கிழமைகள் இருக்கலாம், சில மாதங்களும் இருக்கலாம். வதந்தி குடியிருப்பது அந்த இடைவெளியில்தான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது தொழிற்சாலைக்கும் பொருந்தும். நல்ல தலைமை எது, மோசமான தலைமை எது என்பதும் அந்த இடைவெளியில்தான் தெரியவரும்.

இந்த நாட்டில் எல்லோரும் அறிந்த இரண்டு உதாரணங்களை எடுக்கிறேன்.

ஒன்று கார் தொழிற்சாலைகள். 2013 மே மாதம் போர்ட் நிறுவனம் தன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே வருடம் டிசெம்பர் 11ஆம் திகதி ஹோல்டன் அறிவித்தது. 2014 பெப்ரவரியில் டொயோட்டா அறிவித்தது. பிறகு 2016 ஒக்டோபரில் புரோட்மெடோஸ், ஜீலோங் ஆகிய இடங்களில் இருந்த போர்ட் தொழிற்சாலைகளும், 2017 ஒக்டோபரில் அல்ட்டோனாவில் இருந்த டொயோட்டாவும் அடிலெய்டுக்கு அருகே எலிசபெத்தில் இருந்த ஹோல்டனும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். வந்த செய்தி மிகக் கெட்ட செய்தி. ஆனால் அது மூன்று தொடக்கம் நான்கு வருடங்களுக்கு முன்னதாக வந்தது. டொயோட்டாவும் ஹோல்டனும் தங்கள் ஊழியர்கள் வேலை தேடுவதற்கும் மறுபயிற்சி பெறுவதற்கும் உதவ நிலையங்கள் அமைத்தன. ஃபோர்க்லிப்ட் லைசென்ஸ் எடுத்தவர்கள், முதியோர் பராமரிப்புப் படித்தவர்கள், சின்னதாகத் தொழில் தொடங்கியவர்கள் எல்லோருக்கும் அந்த வருடங்கள் பயன்பட்டன. எல்லோருக்கும் நல்ல முடிவு வந்தது என்று நான் சொல்லவில்லை. நிரந்தர வேலையில் இருந்த பலர் பிறகு கஷுவல் வேலைக்குப் போனார்கள். என்றாலும் வாழ்க்கையைத் திட்டமிடுவதற்கு அவர்களுக்கு நாள் கொடுக்கப்பட்டது.

இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஹோல்டன் அறிவிப்புக்கு முதல் நாள், 2013 டிசெம்பர் 10ஆம் திகதி, அந்த நிறுவனத்தின் தலைவர் அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு முன் சென்று, இன்னும் தீர்மானம் எதுவும் எடுக்கப்படவில்லை என்றார். அடுத்த நாளே மூடும் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவிலுள்ள தாய் நிறுவனம் இறுதி முடிவைப் பிறகுதான் எடுத்தது என்றால், அவர் சொன்னது சொல்லளவில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அசெம்பிளி லைனில் நிற்கிறவர் சொல்லளவில் கேட்பதில்லை. நேற்று இல்லை என்றார்கள், இன்று மூடுகிறோம் என்கிறார்கள் என்றுதான் கேட்பார். ஆகவே தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் 'இப்போது இதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது' என்று சொல்லலாம். பங்குச்சந்தை விதிகள், பேச்சுவார்த்தை இரகசியம் என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் 'ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்' என்று சொல்லக் கூடாது. முதலாவது மௌனம். இரண்டாவது பின்னாளில் பொய்யாக மாறக்கூடிய ஆறுதல்.

இரண்டாவது உதாரணம் குவாண்டஸ் விமான நிறுவனம். 2020இல் கொவிட் பெருந்தொற்றினால் விமானங்கள் தரையில் நின்றன. நெருக்கடி உண்மையானதுதான். அந்த வருடம் ஓகஸ்டில், பத்து விமான நிலையங்களில் பொதி ஏற்றுபவர்கள், விமானத்தைத் துப்புரவு செய்பவர்கள் ஆகியோரது வேலையை வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் யோசனையை அறிவித்தார்கள். ஊழியர்களும் தங்கள் வேலைக்குத் தாங்களே விலைமனு கொடுக்கலாம் என்றார்கள். ஊழியர்கள் தொழிற்சங்கத்தின் உதவியோடு கணக்குப் போட்டு மனுக் கொடுத்தார்கள். நவம்பரில் அது நிராகரிக்கப்பட்டது. 1,800க்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

போக்குவரத்துத் தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 2021 ஜூலையில் பெடரல் நீதிமன்றம் தொழிற்சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஊழியர்கள் எதிர்காலத்தில் சட்டப்படி எடுக்கக்கூடிய தொழிற்சங்க நடவடிக்கையைத் தடுப்பது இந்தத் தீர்மானத்துக்கு ஒரு காரணமாக இருக்கவில்லை என்று நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். 2022இல் மேன்முறையீடு தோற்றது. 2023 செப்டெம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றமும் அனைத்து நீதியரசர்களின் ஒருமித்த முடிவோடு அதை உறுதிசெய்தது. 2024 டிசெம்பரில் 120 மில்லியன் டொலர் நட்டஈடு என்று உடன்பாடு வந்தது. 2025 ஓகஸ்டில் மேலும் 90 மில்லியன் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதில் 50 மில்லியன் வழக்கைக் கொண்டுவந்த தொழிற்சங்கத்துக்குப் போகும் என்றும் தீர்ப்பாயிற்று.

கணக்காளன் என்ற முறையில் இந்த இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். 210 மில்லியன். வெளியாருக்கு வேலையைக் கொடுப்பதால் வருடத்துக்கு ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் மிச்சம் என்று நிறுவனம் முன்பு சொல்லியிருந்தது. அப்படியென்றால் இரண்டு வருட மிச்சம் போய்விட்டது, அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அபராதத்தை வியாபாரச் செலவுபோல எண்ணிக் கட்டிவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் நீதிபதி அத்தனை பெரிய தொகையை விதித்தார். ஆனால் ஐந்தொகையில் எழுதப்படாத ஒரு செலவும் இருக்கிறது. உங்கள் யோசனையைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டு, ஊழியர் உண்மையாகவே உட்கார்ந்து யோசித்துக் கொடுத்த பிறகு கைவிடப்பட்டால், அந்த இடத்தில் மிஞ்சியிருப்பவர் இனி ஒருநாளும் யோசனை சொல்லமாட்டார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நேயர்களே, பெரிய நிறுவனங்களின் கதை இருக்கட்டும். சிறிய இடங்களில் இது எப்படி நடக்கலாம் என்பதற்கு நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மெல்பேர்ணின் தென்கிழக்குப் பக்கத்தில் உணவுப் பொருட்களைப் பொதி செய்கிற ஒரு தொழிற்சாலை. எண்பது பேர் அளவில் வேலை செய்தார்கள். வியட்நாமியர், கம்போடியர், ஆப்கானியர், எங்கடை ஆட்கள் என்று பாதிக்கு மேல் அகதிகளாக வந்தவர்கள். அது ஒரு பெரிய கொம்பனிக்குக் கைமாறியது. தொழிற்சாலை மனேஜர் வியட்நாமியர், தானும் படகில் வந்தவர்.

அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ரீ ரூமில் பதினைந்து நிமிடம் எல்லோரையும் கூப்பிடுவார். வெள்ளைப்பலகையில் மூன்று நிரல் கீறியிருப்பார். தெரிந்தது, தெரியாதது, எப்போது தெரியவரும். அவ்வளவுதான். 'இரண்டு ஷிப்ட் ஒன்றாகும், அது தெரிந்தது. எத்தனை பேர் போகவேண்டி வரும், அது எனக்கும் தெரியாது. அடுத்த மாதம் 14ஆம் திகதி தெரியும்.' 14ஆம் திகதி வந்தபோது அவருக்கும் பதில் வந்திருக்கவில்லை. அன்றும் அவர் ரீ ரூமுக்கு வந்து, 'இன்றைக்குச் சொல்வேன் என்றேன், எனக்கு இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை வரும் என்கிறார்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுதான் ஆட்களுக்கு அவரில் முழு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் முகம் காட்டினார்.

ஆங்கிலம் விளங்காதவர்களுக்கு அவரவர் மொழி தெரிந்த ஒருவர் பிறகு ஐந்து நிமிடம் விளங்கப்படுத்துவார். அந்த ஐந்து நிமிடமும் சம்பள நேரம்தான். எங்கள் ஆள் ஒருவர், வயதில் மூத்தவர், மிசினில் பதினொரு வருடம் நின்றவர், கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. தமிழில் விளங்கப்படுத்திய பிள்ளையிடம்தான் அவர் கேட்டார், "பிள்ளை, என்ரை லோங் சேர்விஸ் லீவுக்கு என்ன நடக்கும் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுமோ?" அந்தக் கேள்வி மனேஜருக்குப் போய், மனேஜரிடமிருந்து எனக்கு வந்தது. பிறகு மனேஜர் சொல்லி, போகவேண்டியிருந்த 23 பேருக்கும் கணக்கு விபரத்தை இரண்டு கிழமை முன்னதாகவே தாளில் கொடுத்தோம். சரிபார்க்க, வீட்டில் பிள்ளைகளிடம் காட்ட, பிழை இருந்தால் வந்து சொல்ல அவகாசம் இருந்தது. கடைசி நாளில் கண்ணீர் வந்தது, சண்டை வரவில்லை. வேலையில் மிஞ்சியவர்களும் அடுத்த திங்கட்கிழமை தலை குனியாமல் வந்தார்கள்.

இனி எங்களைப் பற்றியும் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

அகதியாக வந்த மனிதருக்கு மாற்றம் என்ற சொல் வேறு விதமாகக் கேட்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து சனம் வெளிக்கிட்டபோது, யோசிக்கக் கிடைத்தது சில மணித்தியாலங்கள்தான். எதை எடுப்பது, எதை விடுவது, யாரை நம்புவது என்று அந்த இருட்டில் முடிவெடுத்தவர்கள் இன்றும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அறிவிப்பை நம்பாமல் அறிகுறியைப் பார்க்கப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் எங்கள் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அதே பழக்கத்தோடு வேலைத்தலத்தில் இருந்தால், அதிகாரியிடம் கேள்வி கேட்காமல் பக்கத்தில் நிற்பவரிடம் வதந்தி கேட்போம். விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று வாய் மூடி இருப்போம். மனேஜருக்கு அது சம்மதம்போலத் தெரியும். பிள்ளைகள் கேட்டால், 'ஒண்டுமில்லை, நீ படி' என்போம். மனேஜர் எங்களுக்குச் சொல்கிற அதே ஒன்றுமில்லையைத்தான் நாங்களும் வீட்டில் சொல்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் முகம் பார்த்தால் தெரியாதா?

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் ஆட்கள் இப்போது தொழிலாளிகள் மட்டுமல்லர். மேற்பார்வையாளர், மனேஜர் என்று பொறுப்பில் இருக்கிறார்கள். பலசரக்குக் கடை, துப்புரவுக் கொன்றாக்ட், உணவகம், பராமரிப்புச் சேவை என்று முதலாளிகளாகவும் இருக்கிறார்கள். எங்கள் இடங்களில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். அண்ணை, தம்பி, அக்கா, தங்கச்சி. அது நல்ல பண்பு. ஆனால் சில இடங்களில் அந்த உறவுமுறை தகவலுக்குப் பதிலாக வந்து நிற்கிறது. "தம்பி, நான் இருக்கிறன், நீ ஏன் யோசிக்கிறாய்?" என்பது ஒரு தகவல் அல்ல. ஆறு வருடம் கடையில் நின்ற பையனுக்குக் கடை விற்பட்ட செய்தி புதிய முதலாளி சொல்லித்தான் தெரியவருகிறது என்றால், அந்த அண்ணை என்ற சொல்லுக்கு என்ன பெறுமதி? அவனும் உரிமையோடு கேட்க முடியாது. கேட்டால், 'அண்ணையை நம்பவில்லையோ' என்று வரும். உறவு சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில், செய்தியை முன்னதாகச் சொல்லும் கடமை கூடுமே தவிரக் குறையாது. சம்பளச் சீட்டு, சுப்பர், லீவுக் கணக்கு மூன்றும் எழுத்தில் இருந்தால் அன்பு ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக, ஊழியர்களாக இருக்கும் நேயர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள்.

முதலாவது, கேள்வியை எழுத்தில் கேளுங்கள். கோபமாக எழுத வேண்டியதில்லை. 'என்ன தெரிந்தது, என்ன இன்னும் தீர்மானிக்கப்படவில்லை, அடுத்த தகவல் எப்போது' என்ற மூன்று கேள்விகள் போதும். ஆங்கிலம் கடினம் என்றால் 131 450 என்ற இலக்கத்தில் அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. அதனூடாக 13 13 94 இலக்கத்தில் பெயர் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தோடு தமிழில் கதைக்கலாம்.

இரண்டாவது, உங்கள் கணக்கை நீங்களே தெரிந்துவைத்திருங்கள். நிரந்தர வேலையில் இருப்பவருக்குச் சட்டப்படியான ஆட்குறைப்புக் கொடுப்பனவு ஒரு வருடச் சேவைக்கு 4 கிழமைச் சம்பளத்தில் தொடங்கி, 9 வருடச் சேவைக்கு 16 கிழமை வரை போகும். பத்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 12 கிழமை. குறைகிறதே என்று ஆச்சரியப்படாதீர்கள், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. விக்டோரியாவில் ஏழு வருடத் தொடர்ச்சியான சேவைக்குப் பிறகு வேலை முடிந்தால், எடுக்காத லோங் சேர்விஸ் லீவும் காசாக வர வேண்டும். 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய நிறுவனங்களுக்கு ஆட்குறைப்புக் கொடுப்பனவு பொதுவாகக் கட்டாயமில்லை. கஷுவல் ஊழியருக்கும் அது இல்லை. தெரியாமல் இருந்து கடைசி நாளில் அதிர்வதைவிட இன்று தெரிந்திருப்பது நல்லது.

மூன்றாவது, வேலைநீக்கம் அநியாயமானது என்று எண்ணினால் விண்ணப்பிக்க 21 நாட்கள்தான் உண்டு. மனம் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

நான்காவது, விசா பற்றியது. விசா நிலை என்னவாக இருந்தாலும் வேலைத்தல உரிமைகள் உண்டு என்பது 2023 ஜூலையிலிருந்து சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. விசாவைக் காட்டி ஊழியரை மிரட்டுவது 2024 ஜூலையிலிருந்து குற்றம். ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கொம்பனி முறிந்துபோனால் நிலுவைச் சம்பளத்தையும் லீவையும் அரசாங்கம் கொடுக்கும் உத்தரவாதத் திட்டம் குடியுரிமை அல்லது நிரந்தர விசா உள்ளவர்களுக்கும், நியூசிலாந்துக்காரருக்கு வழங்கும் விசேட விசா உள்ளவர்களுக்கும் மட்டுமே. 2023 பெப்ரவரி அறிவிப்பின் பின் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த பலர் நிரந்தர விசா பெற்றார்கள். பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அவர்கள் சம்பளமோ சுப்பரோ நிலுவையில் நிற்க விடக் கூடாது. அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் எங்கள் முதலாளிகளும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

மேற்பார்வையாளராக, மனேஜராக இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மேலிடத்துத் தீர்மானத்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கீழ் இருப்பவர் அதை யாரிடமிருந்து, எப்போது, எந்த மொழியில் கேட்கிறார் என்பதில் உங்களுக்கு அதிகாரம் உண்டு. இந்த வியாழக்கிழமை பதினைந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். செலவு இல்லை.